சாந்தியின் இரண்டு சுற்று

ஒரகடத்திலும் ஸ்ரீபெரும்புதூரிலும் ஷிப்டு முடிந்து கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி விடுதிக்கு நடக்கும் யுவதிகளுள், பள்ளிப் பருவத்தில் மாவட்டப் போட்டிகளில் ஓடிச் சான்றிதழ் வாங்கி, குடும்ப நிர்ப்பந்தத்தால் ஓட்டத்தைக் கைவிட்டவர்கள் இருக்கக்கூடும். அவர்கள் அவசியம் அறியவேண்டிய சரித்திரம் சாந்தி சௌந்தரராஜனுடையது.

புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சியில், செங்கல் சூளையில் கூலிவேலை செய்த தலித் பெற்றோருக்கு 1981-ல் பிறந்த சாந்தி, 2006 டிசம்பரில் தோஹா ஆசிய விளையாட்டுப் போட்டியின் 800 மீட்டர் ஓட்டத்தை 2 நிமிடம் 3.16 விநாடியில் முடித்து வெள்ளிப் பதக்கம் வென்றார். மைதானத்தை இருமுறை சுற்றும் அந்த ஓட்டத்தில், முதல் வளைவு வரை அவரவர் கோட்டுக்குள் ஓடி, அதன்பின் அனைவரும் உட்புறக் கோட்டை நோக்கித் தோளோடு தோள் உரசி நெருங்க, வேகத்தைச் சிக்கனமாகச் செலவிட்டவரே கடைசி 200 மீட்டரில் மிஞ்சுகிறார். சூளையில் வயிற்றைக் கழுவிய குடும்பத்துப் பெண் அந்தச் சாதுரியத்தைப் பழகி ஆசியாவில் இரண்டாம் ஸ்தானம் பெற்றது சாமானிய காரியம் அன்று.

சில நாட்களிலேயே பாலினச் சோதனையைக் காரணம் காட்டிப் பதக்கம் பறிக்கப்பட்டது. ஒரு பெண்ணின் தேகத்தைப் பற்றிய அந்தரங்கம், அவள் வெற்றியைக் கொண்டாடிய அதே ஜனங்களின் முன்னால் தொலைக்காட்சிச் செய்தியாயிற்று. இதைவிடப் பெரிய அநீதி விளையாட்டில் எனக்குத் தெரியாது. அப்போதும் முதலமைச்சர் கருணாநிதி 15 லட்சம் ரூபாய் பரிசளித்துக் கௌரவித்தார் என்பதை நன்றியோடு சொல்லவேண்டும்.

தென்னாப்பிரிக்கக் கறுப்பினப் பெண் காஸ்டர் செமென்யா 2009-ல் பெர்லினில் அதே 800 மீட்டரில் உலகப் பட்டம் வென்றபோது, அவருக்கும் இதே சோதனை வந்தது. அந்நாட்டு அரசும் ஜனங்களும் அவர் பக்கம் நின்றார்கள். பட்டம் அவரிடமே தங்கியது. நம்மவர்களும் அப்படி நின்றிருக்கவேண்டும்.

சாந்தியோ பெற்றோர் உழைத்த சூளைக்கே கூலிக்குப் போக நேர்ந்து, பின்னர் பெங்களூரில் பயிற்சியாளர் பட்டயம் படித்து, 2016-ல் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தில் நிரந்தரப் பயிற்சியாளரானார். இதேபோன்ற சோதனையால் ஓடத் தடுக்கப்பட்ட ஒடிசா ஓட்டக்காரி த்யூதி சந்த் சர்வதேச விளையாட்டு நடுவர் மன்றத்தில் வழக்காடி, 2015-ல் ஓடும் உரிமையை மீட்டார். சாந்தியின் வெள்ளிக்காக வழக்காடும் கடமை இந்திய ஒலிம்பிக் சங்கத்துக்கு இன்னும் இருக்கிறது என்பது என் திடமான அபிப்பிராயம்.