மனசுக்கும் ஒரு "தெர்மாமீட்டர்"! கேன்சர் நோயாளிகளுக்குக் கைகொடுக்கும் துண்டுக் காகிதம்

ஜுரம் அடித்தால் தெர்மாமீட்டர் வைத்துப் பார்க்கிறார்கள். மனசு கொதித்தால்?

அதற்கும் ஒரு தெர்மாமீட்டர் இருக்கிறது! கண்ணாடி கிடையாது. பாதரசம் கிடையாது. வெறும் துண்டுக் காகிதம்தான். புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறுகிறவர்களுக்காக அமெரிக்க டாக்டர்கள் உருவாக்கியது.

காகிதத்தில் தெர்மாமீட்டர் படம் இருக்கும். அடியில் 0. உச்சியில் 10. 0 என்றால் மனக்கஷ்டமே இல்லை. 10 என்றால் தாங்க முடியாத கஷ்டம். இன்றைக்கும் சேர்த்து, போன ஒரு வாரமாக மனசு எந்த அளவில் இருக்கிறது? அந்த எண்ணைச் சுற்றி வட்டம் போட வேண்டும். இவ்வளவுதான் சோதனை. டாக்டரைப் பார்க்கக் காத்திருக்கும் நேரத்திலேயே முடிந்துவிடும்.

4 வந்தால் உஷார்

4 அல்லது அதற்கு மேல் வட்டம் போட்டால், டாக்டரோ நர்சோ மேற்கொண்டு விசாரிக்க வேண்டும். என்ன கஷ்டம் என்று சொல்லவும் அதே காகிதத்தில் பட்டியல் உண்டு. வலியா? தூக்கம் இல்லையா? பயமா? வீட்டில் சச்சரவா? ஆஸ்பத்திரிக்கு வந்து போக வசதி இல்லையா? பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லையா? வேலை என்னாகுமோ என்ற கவலையா? எது உண்டோ, அதில் "டிக்" அடிக்கலாம்.

வலிக்கு மருந்து. ஓயாத பயத்துக்கு மனநல டாக்டர். பணம், போக்குவரத்து போன்ற தொல்லைகளுக்குச் சமூக நல ஊழியர். இப்படி ஆளுக்குத் தக்க உதவி.

பெயரைச் சொல்லாத காலம்

ஒரு காலத்தில் மனசைப் பற்றிக் கேட்பது கிடக்கட்டும், வியாதியின் பெயரையே நோயாளியிடம் சொல்லமாட்டார்கள். 1961ல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில் 100க்கு 90 டாக்டர்கள், கேன்சர் என்று சொல்லாமல் இருப்பதே மேல் என்றார்கள். 1979ல் நிலைமை தலைகீழ்! 100க்கு 97 பேர், சொல்லிவிடுவதே நல்லது என்றார்கள்.

சரி, சொல்லியாயிற்று. கேட்ட மனசு என்ன பாடுபடும்? அதைக் கவனிக்க முன்வந்தவர் ஒரு பெண் டாக்டர். பெயர் ஜிம்மி ஹாலந்து. மனநல டாக்டர். 1977ல் நியூயார்க் நகரின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் புற்றுநோய் ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவைத் தொடங்கினார். 1998ல் இவரும் சக டாக்டர்களும், புராஸ்டேட் சுரப்பியில் புற்றுநோய் கண்ட ஆண்களிடம் இந்தத் தெர்மாமீட்டரைச் சோதித்து முடிவை வெளியிட்டார்கள். ஹாலந்து 2017ல் தமது 89வது வயதில் காலமானார்.

"எனக்கென்ன பைத்தியமா?"

மனநோய் என்ற பேச்சை எடுத்தாலே பலர் "எனக்கென்ன பைத்தியமா?" என்று சீறுவார்கள். அதனால்தான் காகிதத்தில் நோய்ப் பெயர் எதுவும் வேண்டாம், கஷ்டம் என்ற பொருள் தரும் சாதாரணச் சொல்லே போதும் என்று முடிவு செய்தார்கள். கஷ்டம் என்று சொல்ல யாருக்கும் வெட்கமில்லை அல்லவா?

ஆனால் ஒன்று. எண்ணைக் கேட்டு வாங்கிவிட்டு, காகிதத்தை ஃபைலில் சொருகி வைத்தால் ஒரு பிரயோஜனமும் இல்லை. 7 போட்டவரை அன்றைக்கே யாராவது கூப்பிட்டுப் பேச வேண்டும். ஒருமுறை கேட்டதோடு விட்டுவிடவும் கூடாது. வியாதி தெரிந்த நாள், சிகிச்சை முடிகிற நாள், வியாதி திரும்பி வந்த நாள் எல்லாமே மனசு ஆட்டம் காணும் நேரங்கள்.

சென்னையில், டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954ல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனையிலும் நோயாளிகளின் மனநலத்தைக் கவனிக்கத் தனிப் பிரிவு இருக்கிறது.

காகிதம் இல்லாத இடத்திலும் கேள்வி கேட்கலாம். வீட்டில் நோயாளி இருந்தால், "தைரியமா இரு" என்று சொல்லி வாயை அடைத்துவிடாதீர்கள். "பத்துக்கு எத்தனை கஷ்டமா இருக்கு?" என்று கேளுங்கள். 4 அல்லது அதற்கு மேல் சொன்னால், அடுத்த தடவை ஆஸ்பத்திரிக்குப் போகும்போது வலி, வாந்தியோடு சேர்த்து அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். உயிரை விட்டுவிடலாம் போலிருக்கிறது என்ற பேச்சு வந்தால், அடுத்த தடவை வரை காத்திருக்காதீர்கள். உடனே அழைத்துப் போங்கள்!