கிணற்று உறையில் குடியேறும் மீன்கள்

"கடல்ல சிமென்ட் உறைய இறக்கிவிட்டா மீனு வந்து குடியிருக்குமாமே, நெசமா சார்?" செங்கம் சாலை டீக்கடையில் பேப்பரை மடித்துக்கொண்டே ஆட்டோக்காரத் தம்பி கேட்டார். திருவண்ணாமலைக்குக் கடல் கிடையாதுதான். ஆனால் கேள்வி அருமையானது. இன்னொரு டீ சொல்லிவிட்டு உட்கார்ந்து பேச வேண்டியது.

நெசம்தான் தம்பி. நம் தோட்டத்துக் கிணற்றில் இறக்குகிற உறை இருக்கிறதே, கிட்டத்தட்ட அதே வடிவம். மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தார் அமைக்கும் செயற்கை மீன் உறைவிடங்களில் உறை வடிவம் ஒன்று, முக்கோணம் ஒன்று, களவா மீன் பதுங்குவதற்கென்றே ஒன்று. இவற்றைப் படகில் ஏற்றிப்போய், மீனவர்களோடு பேசி முடிவுசெய்த இடத்தில் இறக்குகிறார்கள். சேறு அதிகமுள்ள இடம் ஆகாது, கான்கிரீட் புதைந்துவிடும்.

நம் கரையோரக் கடலடி பெரும்பாலும் மணலும் சேறும்தான். சிப்பி, கொட்டலசு, கடற்பஞ்சு, பவளம் இவற்றின் குஞ்சுகள் கண்ணுக்குத் தெரியாத அளவில் நீரில் மிதந்து திரியும். ஒட்டிக்கொள்ள உறுதியான பரப்பு கிடைத்தால்தான் அவற்றுக்கு வாழ்வு. கான்கிரீட் இறங்கிய சில நாளிலேயே அதன்மேல் நுண்ணுயிர்கள் வழுவழுப்பாகப் படியும். அடுத்து பாசி, கொட்டலசு, குழாய்ப்புழு, சிப்பி என்று ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி, கொஞ்ச காலத்தில் சிமென்டே தெரியாது. இவற்றைக் கொத்தித் தின்னச் சின்ன மீன் வரும், அதைத் தேடிக் களவாவும் பாறை மீனும் வரும். கணவாய் இடுக்குகளில் முட்டைகளைக் கொத்துக் கொத்தாகத் தொங்கவிடும். பகலில் பொந்தில் ஒளிந்து, இரவில் சுற்றியுள்ள மணலில் மேயப் போகிற மீன்களும் உண்டு.

"அப்ப மீனு பெருகுது, அவ்வளவுதானே?"

இங்கேதான் நிதானமாகப் பார்க்க வேண்டும். நம் ஊர்க் கோயில் ராஜகோபுரத்தில் பதினொரு நிலை, 217 அடி. அதன் மாடங்களில் புறாக்கள் அடைகின்றன. கோபுரத்தால் ஊரில் புறா பெருகியதா, அல்லது அங்கங்கே இருந்தவை ஓரிடத்தில் கூடினவா? கடலிலும் இதே கேள்வியைத்தான் விஞ்ஞானிகள் பல பத்தாண்டுகளாகக் கேட்டு வருகிறார்கள். ஒட்டி வாழும் சிப்பியும் கடற்பஞ்சும் சந்தேகமில்லாமல் புதிதாக வளர்ந்தவை. நீந்தி வந்த மீன்களில் ஒரு பகுதி பக்கத்துக் கடலிலிருந்து இடம் மாறியவைதான். குஞ்சுகள் ஒளிய இடம் கிடைத்துப் பிழைத்தால் மட்டுமே பெருக்கம் என்று சொல்ல முடியும். வலையில் விழுந்த எடையை மட்டும் பார்த்து அதைச் சொல்லிவிட முடியாது.

தூத்துக்குடிக்கு அருகே வான் தீவில் நடந்தது எனக்கு மிகவும் பிடித்த முயற்சி. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் பூவரசன்பட்டியும் விலங்குசல்லியும் ஏற்கெனவே மூழ்கிவிட்டன. சுண்ணாம்புக்கும் சிமென்டுக்கும் பவளப்பாறையை ஆண்டுக்கணக்கில் வெட்டியெடுத்ததால் அலையைத் தாங்கும் அரண் போயிற்று. ஒரு காலத்தில் 16 ஹெக்டேர் இருந்த வான் தீவும் இரண்டு ஹெக்டேர் அளவுக்குச் சுருங்கியது. 2015இல் தொடங்கி, சென்னை ஐஐடியின் வடிவமைப்பில், துளைகள் கொண்ட சரிவகக் கான்கிரீட் அமைப்புகளைத் தீவைச் சுற்றி இறக்கினார்கள். தமிழக அரசோடு தூத்துக்குடியின் சுகந்தி தேவதாசன் கடல்சார் ஆராய்ச்சி நிறுவனமும் இதில் முன்நின்றது. அலையின் வேகம் தணிந்தது, கரை மணல் பிடித்தது, கான்கிரீட்டில் மீன்களும் இளம் பவளங்களும் குடியேறின. தீவைக் காக்கப்போய் உயிர்களுக்கும் வீடு கிடைத்தது.

அதற்காக எதை வேண்டுமானாலும் கடலில் போடலாம் என்றில்லை. அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் 1970களில் ஏறத்தாழ இருபது லட்சம் பழைய டயர்களைக் கட்டிப் போட்டார்கள். கட்டு அறுந்தது, டயர்கள் புயலில் உருண்டு இயற்கைப் பவளப்பாறைகளையே இடித்து நொறுக்கின. இன்றும் பொறுக்கியெடுத்துத் தீரவில்லை.

தம்பி கடைசியாகக் கேட்டது, "அங்கயே போயி வலை போட்டா?" அதுதான் என் கவலையும். கான்கிரீட் கிடக்கிற இடத்தில் இழுவைமடி கிழிந்துபோகும் என்பதால் விசைப்படகு ஒதுங்கும். சிறு படகுக்காரர் தூண்டில் போட்டுப் பிழைக்கலாம். இது பெரிய நன்மை. ஆனால் கூடிநிற்கும் மீனைச் சுற்றி வளைத்து வலைவிட்டால், பரந்த கடலில் தேடிப் பிடிப்பதைவிடச் சீக்கிரம் காலியாகும். கான்கிரீட்டில் சிக்கி அறுந்த வலையோ அங்கேயே கிடந்து, எடுக்க ஆளில்லாமல் மீனைக் கொன்றுகொண்டே இருக்கும். ஆகவே உறைவிடம் இறக்கும் ஒவ்வோர் ஊரிலும், அங்கே தூண்டில் மட்டும்தான் என்று மீனவர்களே கூடி முடிவெடுக்க வேண்டும். முக்குளித்துப் போய்ச் சிக்கிய வலைகளை எடுப்பதற்கும் சேர்த்தே பணம் ஒதுக்க வேண்டும்.