கால்நடை நோய் ஆராய்ச்சி நிலையமும் அதன் சுற்றுப்புறமும்

விவசாய ஆராய்ச்சி நிலையம் ஒன்று தங்கள் ஊருக்கருகில் ஏற்படப் போகிறதென்று கேள்வியுற்றால் குடியானவர்கள் சந்தோஷமடைவது வழக்கம். நல்ல விதை கிடைக்கும், சாலை போடுவார்கள், படித்த பிள்ளைகளுக்கு உத்தியோகம் கிடைக்கும் என்று எண்ணுவது இயல்பே. நெல், பருத்தி முதலியவற்றின் ரகங்களைச் சோதிக்கும் பண்ணையைப் பொறுத்தவரை இந்த எண்ணம் பெரிதும் சரியானது. உயிருள்ள நோய்க் கிருமிகளை வளர்த்துப் பரிசோதிக்கும் நிலையமோ வேறு வகையைச் சேர்ந்தது. அதன் கழிவுநீரும் காற்றும் ஆட்களும் வண்டிகளும் மதிலுக்கு வெளியே என்ன விளைவை உண்டாக்கக்கூடும், தீங்கு நேர்ந்தால் நஷ்டம் யாரைச் சேரும் என்பவற்றைக் கட்டடம் எழும்புமுன்பே கணக்கிட்டாக வேண்டும். இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் நடந்த இரண்டு காரியங்களைக் கொண்டு இதனை விளக்கலாம். இரண்டும் நம்மவர் நன்கறிந்த கோமாரி, அதாவது கால் வாய்க் காணை நோயைப் பற்றியவை.

இந்நோய் மாடு, எருமை, ஆடு, பன்றி ஆகிய பிளந்த குளம்புடைய பிராணிகளைப் பிடிப்பது. ஒரு மந்தையிலிருந்து மற்றொன்றுக்கு வெகு விரைவில் தாவுவது. இந்நோய் நிலையாகக் குடிகொள்ளாத இங்கிலாந்து போன்ற நாடுகளில் இதற்கு அளவற்ற அச்சம் உண்டு. 2001-ம் ஆண்டில் பிரிட்டனில் இது பரவியபோது 60 லட்சத்துக்கு மேற்பட்ட பிராணிகளைக் கொன்று அழிக்கும்படி நேர்ந்தது.

இங்கிலாந்தில் ஸர்ரே ஜில்லாவிலுள்ள பிர்பிரைட் என்னுமிடத்தில் கால்நடை நோய் ஆராய்ச்சி நிலையமும், அதே வளாகத்தில் கோமாரித் தடுப்பு மருந்து தயாரிக்கும் தொழிற்சாலையும் இயங்கி வந்தன. 2007 ஆகஸ்டு மாதம் 3-ம் தேதி, அவ்விடத்திலிருந்து சில மைல் தூரத்திலிருந்த ஒரு பண்ணையின் மாடுகளுக்குக் கோமாரி கண்டிருப்பது உறுதியாயிற்று. கிருமியின் இனத்தைப் பரிசோதித்ததில், அது 1967-ம் ஆண்டில் பிரிட்டனில் பரவிய நோயிலிருந்து எடுத்துவைத்த பழைய இனமென்று தெரிந்தது. வெளியுலகில் அப்போது எங்கும் உலவாத அவ்வினம் மேற்படி வளாகத்தில் கையாளப்பட்டு வந்தது. ஆகவே நோய் எங்கிருந்து வந்ததென்பதில் சந்தேகத்துக்கு இடமில்லாமற் போயிற்று.

அது வெளிப்பட்ட வழிதான் கவனிக்கத்தக்கது. கதவுகளிலும் காற்றை வடிகட்டும் கருவிகளிலும் குறை காணப்படவில்லை. குறை பூமிக்கடியிலிருந்த சாக்கடைக் குழாயில் இருந்தது. கிருமி கலந்த கழிவுநீர் முதலில் எலுமிச்சைக் காடியால் சுத்திசெய்யப்பட்டு, பின்னர் குழாய் வழியே சென்று, காஸ்டிக் சோடா இடும் தொட்டியில் முழுவதும் கிருமி நீங்கப் பெறுவது அங்குள்ள ஏற்பாடு. இவ்விரண்டுக்கும் நடுவே ஓடிய குழாயோ பழையது, வெடிப்புக் கண்டது, சில இடங்களில் மரவேர் புகுந்தது. அவ்வாண்டு ஜூலை மாதத்தில் கனமழை பெய்து நிலம் ஊறிக் கிடந்தது. அதே சமயம் வளாகத்தில் கட்டட வேலையும் நடந்தது. குழாயிலிருந்து கசிந்த கிருமி சேற்றில் கலந்து, அச்சேறு வேலைக்கு வந்துபோன வண்டிகளின் சக்கரங்களில் ஒட்டிக்கொண்டு, முதல் பண்ணையின் அருகிலுள்ள சாலை வழியே சென்றிருத்தல் வேண்டுமென்பதே விசாரணை செய்த அதிகாரிகள் மிகவும் சாத்தியமென்று கண்ட முடிவு. குழாய் பழுதுபட்டிருப்பது சில ஆண்டுகளுக்கு முன்பே தெரிந்த விஷயமென்பதும், செப்பனிடும் செலவு யாருடையது என்பதில் இணக்கம் ஏற்படாமல் வேலை தள்ளிப்போயிற்று என்பதும் விசாரணையில் வெளிவந்தன. இருவருக்குப் பொதுவான வாய்க்காலைத் தூர் வாரும் முறை யாருடையதென்று வழக்காடி, மடை அடைத்துப்போகும் வரை விடுகிற வழக்கம் நமக்குப் புதிதன்று.

அம்முறை நோய் 8 இடங்களோடு நின்றது. எனினும் நஷ்டம் அவ்விடங்களோடு நிற்கவில்லை. பிரிட்டன் முழுவதும் கால்நடைகளை ஓரிடமிருந்து மற்றோரிடம் கொண்டுபோவது தடுக்கப்பட்டது. அயல்நாடுகளுக்கு மாமிச ஏற்றுமதியும் நின்றது. ஸ்காட்லாந்து, வேல்ஸ் ஆகிய மலைப்பிரதேசங்களில் ஆடு வளர்ப்போர் இலையுதிர் காலத்தில் குட்டிகளைச் சமவெளிச் சந்தைகளுக்கு அனுப்புவது வழக்கம். பருவம் தவறியதால் அக்குட்டிகள் மலையிலேயே தங்கி, மேய்ச்சல் போதாமல் இளைத்தன, விலையும் இறங்கிற்று. கொல்லப்பட்ட பிராணிகளுக்கு அரசாங்கம் கிரயம் கொடுத்தது; விற்க முடியாமற் போன பிராணிகளுக்கு அவ்விதம் கொடுக்கும் விதி இல்லை. பிர்பிரைட்டை ஒருபோதும் பார்த்திராத மலைநாட்டுக் குடியானவர் அந்நிலையத்துக் குழாயின் பழுதுக்கு விலை கொடுத்தார் என்றால் மிகையாகாது.

அமெரிக்காவில் நடந்தது கட்டடத்துக்கு முந்திய மதிப்பீட்டைப் பற்றியது. அங்கே 1954 முதல் கோமாரி ஆராய்ச்சி நியூயார்க் ராஜ்யத்தைச் சேர்ந்த பிளம் தீவில் நடைபெற்றது. சுற்றிலும் கடல் காவலாக இருக்குமென்பதே அத்தீவைத் தேர்ந்தெடுத்ததன் காரணம். 2009 ஜனவரியில் அதற்குப் பதிலான புதிய நிலையத்தைக் கான்ஸாஸ் ராஜ்யத்தின் மன்ஹாட்டன் நகரில் அமைக்கத் தீர்மானித்தார்கள். அதுவோ மாட்டுப் பண்ணைகள் மலிந்த சீமை, சுழற்காற்றுக்குப் பேர்போனது. 2008 ஜூனில் அந்நகரையே ஒரு சுழற்காற்று தாக்கியிருந்தது. ஆகவே சட்டசபையார், அபாயத்தை மதிப்பிட்டு, அம்மதிப்பீட்டை வெளியாராகிய விஞ்ஞானக் கழகத்தாரின் பரிசீலனைக்கு விடவேண்டுமென்று விதித்தார்கள். 2010-ல் அக்கழகத்தார் தெரிவித்தது பலரைத் திடுக்கிடச் செய்தது. இலாகாவின் சொந்தக் கணக்கின்படியே, 50 ஆண்டுகளில் கிருமி வெளிப்பட்டு நோய் உண்டாவதற்கு 100-க்கு சுமார் 70 பங்கு இடமுண்டென்றும், நஷ்டம் 900 கோடி முதல் 5,000 கோடி டாலர் வரை ஆகலாமென்றும் அவர்கள் காட்டினார்கள். பிறகு கட்டடத்தின் திட்டம் பலப்படுத்தப்பட்டு, 2012-ல் 100-க்கு 0.11 பங்கு என்று புதிய கணக்கு வெளியாயிற்று. மனிதர் செய்யும் தவறுகளைப் போதிய அளவு சேர்க்காத கணக்கு இதுவென்று கழகத்தார் அதையும் முழுமையாக ஏற்கவில்லை. நிலையம் கட்டப்பட்டு 2023 மே மாதத்தில் திறப்பு விழா நடந்தது. கழகத்தாரின் பேச்சு முற்றிலும் செல்லவில்லையாயினும், முதல் கணக்கு வெளிவந்திராவிடில் சுவர்களும் காற்று வடிகட்டிகளும் பின்னர் பெற்ற பலத்தைப் பெற்றிருக்குமா என்பது ஐயமே.

இவ்வகை நிலையம் ஏற்படும் இடங்களில் கிராம அதிகாரிகளும் பஞ்சாயத்தாரும் முதலில் கேட்க வேண்டியது கழிவுநீரைப் பற்றி. குழாய் எவ்வழியே செல்கிறது, கிணறும் ஏரிக்காலும் அதற்கு எவ்வளவு தூரம், மழைவெள்ளம் எந்தப் பக்கம் வடிகிறது, பழுது பார்ப்பது யார் பொறுப்பு என்பவற்றை வரைபடத்துடன் எழுத்துமூலம் பெற வேண்டும். பரிசோதனையில் இறந்த பிராணிகளை என்ன செய்கிறார்கள் என்பதும், உள்ளே கட்டட வேலை நடக்கும் காலங்களில் வண்டிகளைக் கழுவி அனுப்புகிறார்களா என்பதும் அவ்வாறே. சந்தை மூடப்பட்டால் நஷ்ட ஈடு உண்டா என்பதை நோய் வந்தபின் கேட்பதில் பயனில்லை.

உத்தியோகத்தைப் பற்றியும் ஒரு சொல். இத்தகைய நிலையங்களில் வேலை செய்வோர் வெளிவந்தபின் குறித்த சில நாட்கள் வரை ஆடு மாடுகளை அணுகலாகாது என்பது பொதுவான விதி. பல இடங்களில் அவர்கள் வீட்டில் கால்நடை வளர்க்கவும் கூடாது. நகரத்தாருக்கு இது பெரிதன்று. மாட்டுக்கொட்டகை உள்ள வீட்டுப் பிள்ளைக்கு அங்கே வேலை கிடைக்கும்போது, உத்தரவைப் பெற்றுக்கொள்ளுமுன் அவ்விதி எப்படியென்று விசாரித்துக்கொள்வது நலம்.