கொடியில் தொங்கும் கதைகள்

பிரேசிலின் வடகிழக்கே, பெர்னாம்புகோ மாநிலத்தில் பெசெரோஸ் என்றொரு ஊர். அங்கே 1935இல் பிறந்த ஜோசே பிரான்சிஸ்கோ போர்ஜெஸ் பள்ளிக்கூடம் போனது ஓராண்டுகூட இல்லை. கிடைத்த கூலி வேலையெல்லாம் பார்த்தவர், சந்தைகளில் கதைப்பாட்டுப் புத்தகங்களும் விற்றார். 1964இல் தானே ஒரு கதைப்பாட்டு எழுதி அச்சிட்டார். அதன் அட்டைப் படத்தை வேறொருவர் செதுக்கித் தந்தார். அடுத்த புத்தகத்துக்கு ஆள் வைக்கக் கையில் காசில்லை. ஒரு மரத்துண்டை எடுத்து ஊர்த் தேவாலயத்தின் முகப்பைத் தானே செதுக்கினார். எழுதுவதும் அவரே, செதுக்குவதும் அவரே, அச்சடிப்பதும் சந்தையில் நின்று பாடி விற்பதும் அவரே என்று ஆயிற்று.

இந்தப் புத்தகங்களுக்கு அங்கே ‘கோர்டெல்’ என்று பெயர். நம் ஊர்ச் சொல்லில் சொன்னால் கொடி. துணி காயப்போடுகிறோமே, அந்தக் கொடிதான். எட்டு, பதினாறு, முப்பத்திரண்டு பக்கங்களில் மெல்லிய தாள், முகப்பில் ஒரு மரச்செதுக்குப் படம். சந்தையில் கயிறு கட்டி, நடுவே மடித்து வரிசையாகத் தொங்கவிடுவார்கள். விற்பவர் ஒன்றை எடுத்துப் பாட ஆரம்பிப்பார். கதை சூடுபிடிக்கும் இடத்தில் நிறுத்திவிடுவார். மிச்சம் வேண்டுமென்றால் வாங்கித்தான் படிக்க வேண்டும்! 2018இல் பிரேசில் அரசு கோர்டெல் இலக்கியத்தைத் தன் பண்பாட்டு மரபாக அறிவித்தது. எழுத்தாளர் எதுவார்தோ கலியானோவின் நூலுக்குப் படம் செதுக்கும் அளவுக்குப் பெயர் பெற்ற போர்ஜெஸ், 2024இல் காலமானார்.

தமிழ் வாசகருக்கு இது அந்நியக் கதை அல்ல. சென்னையின் குஜிலிக் கடைத்தெருவில் காலணா, அரையணாவுக்கு விற்ற பாட்டுப் புத்தகங்கள் இதற்கு ஒன்றுவிட்ட சகோதரர்கள். ரயில் கவிழ்ந்தால் ஒரு பாட்டு, கொலை விழுந்தால் ஒரு சிந்து, வெள்ளம் வந்தால் ஒரு கும்மி. வரலாற்றாசிரியர் ஆ. இரா. வேங்கடாசலபதி இவற்றைத் தேடித் தொகுத்து ‘முச்சந்தி இலக்கியம்’ என்று நூலே எழுதியிருக்கிறார். இன்னொரு பக்கம் ‘பெரிய எழுத்து’ப் புத்தகங்கள்: நல்லதங்காள் கதை, அல்லி அரசாணி மாலை, தேசிங்குராஜன் கதை. கொண்டித்தோப்பு இரத்தின நாயகர் அண்ட் சன்ஸ் போன்ற பதிப்பாளர்கள் மூலம் இவை ஊரூராகப் போய்ச் சேர்ந்தன. விளக்கு வெளிச்சத்தில் ஒருவர் படிக்க, திண்ணையில் பத்துப் பேர் கேட்பதற்காகவே அமைந்த கொட்டை எழுத்துகள். நடுநடுவே முரட்டுக் கோடுகளில் மரக்கட்டைப் படங்கள். செதுக்கியவர்களில் பெரும்பாலோரின் பெயர் எங்கும் இல்லை.

இந்தப் பின்னணியோடுதான், இன்றைய காட்சிக்கூடங்களும் நூலகங்களும் விடுக்கும் ஓர் அழைப்பைப் படிக்க வேண்டும். ‘உள்ளூர் அச்சோவியர்களே, புத்தகக் கலைஞர்களே, கதை சொல்லும் படைப்புகளோடு வாருங்கள்’ என்பது அதன் சாரம். உலகின் பல நகரங்களில் இப்போது இது வழக்கமாகி வருகிறது. இன்ன அளவுக்குள் இருக்கட்டும், இன்ன தேதிக்குள் அனுப்புங்கள் என்று நிபந்தனைகள் இருக்கும். கேட்க எளிது. ஆனால் தெருவில் பிறந்த ஒரு கலையைச் சுவருக்குள் அழைக்கும்போது சில சிக்கல்களும் கூடவே உள்ளே நுழைகின்றன.

முதலில், அச்சோவியம் என்பது என்ன? ஓவியர் வரைந்ததைப் போட்டோ பிடித்துப் பிரதி எடுப்பது அல்ல அது. மரத்திலோ லினோலியத் தகட்டிலோ உளியால் செதுக்கி, மேடாக நிற்கும் பகுதியில் உருளையால் மை தடவி, தாளை மேலே வைத்து மரக் கரண்டியின் முதுகால் தேய்த்தாலே ஒரு படம் கிடைத்துவிடும். வெள்ளையாகத் தெரிய வேண்டியதைச் செதுக்கித் தள்ள வேண்டும். கறுப்பு தானாக மிஞ்சும். இடம் வலமாக மாறும் என்பதால் எழுத்துகளைக் கண்ணாடியில் தெரிவதுபோல் திருப்பிச் செதுக்க வேண்டும். ‘ழ’வையும் ‘இ’யையும் திருப்பிச் செதுக்கிப் பார்த்தவருக்குத் தமிழ் எழுத்தின் வளைவுகள்மேல் தனி மரியாதையே வந்துவிடும். செப்புத் தகட்டை அமிலத்தால் அரித்து எடுக்கும் எச்சிங், கல்லில் வரைந்து எடுக்கும் லித்தோ, சட்டத்தில் இழுத்துக் கட்டிய துணி வழியே மையை வழித்து இறக்கும் ஸ்கிரீன் பிரிண்டிங் என்று வேறு வழிகளும் உண்டு.

எந்த வழியானாலும் ஒன்றுக்கு மேற்பட்ட படிகள் கிடைக்கும். அவை ஒவ்வொன்றும் அசல்தான். படத்தின் கீழே பென்சிலால் 3/25 என்று எழுதியிருந்தால், இருபத்தைந்து படிகளில் இது மூன்றாவது என்று பொருள். ஓர் எண்ணெய் ஓவியம் ஒரு வீட்டுக்குத்தான் போக முடியும். அச்சோவியம் இருபத்தைந்து வீடுகளுக்குப் போகும். பலரிடம் போவதுதான் கதையின் சுபாவமும்.

கதை சொல்லச் சொற்கள்தான் வேண்டுமா என்ன? பெல்ஜியத்தில் பிறந்த ஃப்ரான்ஸ் மாசரீல், 1919இல் 167 மரச்செதுக்குகளால் ஒரு முழு நாவலையே செய்தார். ஒரு மனிதன் ரயிலில் நகரத்துக்கு வந்து இறங்குகிறான். காதலிக்கிறான், ஏமாறுகிறான், ஊர் சுற்றுகிறான், சாகிறான். பக்கத்துக்கு ஒரு படம். உரையாடல் கிடையாது, படக்குறிப்பும் கிடையாது. பின்னர் வந்த ஜெர்மன் பதிப்புக்கு முன்னுரை எழுதியவர் தாமஸ் மன். அமெரிக்காவில் லிண்ட் வார்ட் அதே பாதையில் 1929இல் ‘காட்ஸ் மேன்’ நூலைக் கொண்டுவந்தார். பங்குச் சந்தை சரிந்த அதே நாட்களில் அது கடைக்கு வந்தது. ஓவியன் ஒருவன் தன்னையே விலை பேசிக்கொடுக்கும் கதை அது.

இந்த நூல்களில் ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவே நடந்ததை வாசகர்தான் நிரப்பிக்கொள்கிறார். நிரப்புவதற்கு அவர் பக்கத்தைத் திருப்ப வேண்டும். திருப்பும் அந்தக் கணத்தில்தான் கதை நகர்கிறது.

இந்தியாவிலும் இதற்கு முன்னோடிகள் உண்டு. தண்டிக்கு நடந்த காந்தியைக் கறுப்பு வெள்ளை லினோகட்டில் செதுக்கிய நந்தலால் போஸ், அதே 1930இல் தாகூரின் ‘சகஜ் பாட்’ அரிச்சுவடிக்கும் படம் செய்தார். வங்கக் குழந்தைகள் தலைமுறை தலைமுறையாக எழுத்துக் கற்றது அந்தப் படங்களோடுதான். சித்தபிரசாத் உழைக்கும் சிறுவர்களின் வாழ்க்கையை லினோகட் வரிசையாகவே செதுக்கி வைத்தார்.

சென்னையில் இந்தப் பேச்சு திருவான்மியூருக்கு வராமல் முடியாது. 1994இல் கீதா வுல்ஃப் தொடங்கிய தாரா புக்ஸ் பதிப்பகம் அங்கேதான் இருக்கிறது. அதன் ‘தி நைட் லைஃப் ஆஃப் ட்ரீஸ்’ நூலைக் கையில் எடுத்தவர்கள் முதலில் சொல்வது படத்தைப் பற்றி அல்ல, மணத்தைப் பற்றி. கையால் செய்த கறுப்புத் தாள். அதன்மேல் ஒவ்வொரு வண்ணமும் தனித்தனியாக ஸ்கிரீனில் இழுத்து அச்சிட்டது. விரலால் தடவினால் மை மேடு தட்டுப்படும். மத்தியப் பிரதேசத்தின் கோண்ட் ஓவியர்கள் பஜ்ஜு ஷ்யாம், துர்கா பாய், ராம் சிங் உர்வேதி மூவரும் மரங்களைப் பற்றிய தங்கள் குலக்கதைகளை அதில் வரைந்திருக்கிறார்கள். 2008இல் இத்தாலியின் பொலோன்யா புத்தகச் சந்தையில் அதற்கு விருது கிடைத்தது. ஒவ்வொரு படியிலும் கையால் எழுதிய வரிசை எண் இருக்கும். ஆர்டர் கொடுத்த வெளிநாட்டுப் பதிப்பாளர்களும் மாதக்கணக்கில் காத்திருக்கத்தான் வேண்டும். கையால் இழுப்பதற்கு அவசரம் தெரியாது.

கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. இந்தப் புத்தகங்களை அச்சிடும் ஏ.எம்.எம். ஸ்கிரீன்ஸ் ஒரு கலைக் கல்லூரி அல்ல, தொழிற்கூடம். மையின் பதம், தாளின் ஈரம், ஒரு வண்ணத்தின் மேல் அடுத்த வண்ணம் மயிரிழை தப்பாமல் உட்காரும் கணக்கு எல்லாம் அங்கே கைப்பழக்கத்தில் வந்த அறிவு. ‘அச்சோவியர்’ என்ற சொல்லுக்குள் இவர்களைச் சேர்ப்பதா வேண்டாமா என்று யாராவது தயங்கினால், அந்தத் தயக்கம்தான் வேடிக்கை.

தாரா புத்தகங்கள் வடிவத்திலும் கதை சொல்கின்றன. வங்கத்தின் படுவா ஓவியர்கள் கிராமம் கிராமமாகப் போய், படச்சுருளை மெல்ல அவிழ்த்து, விரலால் தொட்டுக் காட்டிக் காட்டிப் பாடுவார்கள். ஜாய்தேவ், மொய்னா சித்ரகர் இருவரும் ஆழிப்பேரலையைப் பற்றிப் படைத்த ‘சுனாமி’ அப்படியே ஒரு சுருளாக, மடிப்பு மடிப்பாக விரியும் புத்தகமாக வந்தது. குஜராத்தில் கோயிலுக்குள் விடப்படாத மக்கள் துணியில் அம்மனை அச்சிட்டு அதையே கோயிலாக்கிக்கொண்ட மரபு ‘மாதா நி பச்சேடி’. அந்த மரபைச் சேர்ந்த ஜகதீஷ் சித்தாராவின் புத்தகத்தில் துணியே பக்கமானது.

கடலுக்கு அப்பால் யாழ்ப்பாணத்தில் வேறொரு வகை. ஓவியர் தா. சனாதனன் 2011இல் கொண்டுவந்த ‘தி இன்கம்ப்ளீட் தோம்பு’. தோம்பு என்றால் ஒல்லாந்தர் காலத்துக் காணிப் பதிவேடு. போரால் வீட்டை இழந்தவர்களிடம் போய், உங்கள் வீடு எப்படி இருந்தது, நினைவிலிருந்து வரைந்து காட்டுங்கள் என்று கேட்டிருக்கிறார். அவர்கள் தயங்கித் தயங்கி வரைந்த கோட்டுப்படம், அதையே கட்டடக் கலைஞரின் அளவுகளோடு திருத்திய வரைபடம், அவர்கள் சொன்ன கதை, அதைக் கேட்டு ஓவியர் வரைந்த படம். இப்படி எண்பது வீடுகள். கிணறு எங்கே, மாமரம் எங்கே, சாமி அறை எந்தப் பக்கம் என்று ஒரு கோடு காட்டிக்கொடுக்கும் துயரத்தைப் பத்தி பத்தியாக எழுதினாலும் காட்டிவிட முடியாது. 2016இல் கொச்சி பினாலேயில் அவர் வைத்தது நூலகங்களில் இருக்குமே, அட்டைகள் நிறைந்த இழுப்பறைப் பெட்டி, அதுதான். வந்தவர்கள் இழுப்பறையைத் திறந்து, அட்டைகளை எடுத்துப் படித்தார்கள்.

இங்கேதான் காட்சி அமைப்பாளர்கள் பெரும்பாலும் சறுக்குகிறார்கள். கலைஞர் நாற்பது பக்கப் புத்தகம் செய்து கொண்டுவருவார். அதைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து, நடுப்பக்கத்தைத் திறந்து காட்டி, ‘தொடாதீர்கள்’ என்று எழுதிவிடுவார்கள். நாற்பதில் இரண்டு பக்கம்தான் பார்வையாளருக்கு. பாதிக் கதையில் பாடகரின் வாயைப் பொத்துவது போன்ற காரியம்.

ஒரே ஒரு படி செய்த படைப்புக்குப் பாதுகாப்பு வேண்டும்தான், மறுக்க முடியாது. ஆனால் அச்சோவியத்தின் வரமே பல படிகள் அல்லவா? ஒன்றைப் பெட்டிக்குள் வைத்துவிட்டு, இன்னொன்றை மேசைமேல் கை படுவதற்கென்றே வைக்கலாம். கை கழுவிவிட்டு ஈரம் துடைத்து வந்தால் போதும். தடிமனான கையுறை போட்டால் மெல்லிய தாள் விரலுக்குப் பிடிபடாமல் கிழிவதும் உண்டு. விரிமடிப்புப் புத்தகத்தை நீள மேசையில் முழுதாக விரித்து வைத்தால் பார்வையாளர் நடந்தபடியே படிக்கலாம். தனித்தாள் படங்களைச் சட்டம் போடாமல் கொடியில் கிளிப் மாட்டித் தொங்கவிட்டால் செலவும் குறையும், சந்தையின் சாயலும் வரும். செதுக்கிய கட்டையையும் படத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டால் பள்ளிப் பிள்ளைகள் அங்கிருந்து நகரவே மாட்டார்கள்.

உள்ளூர்க் கலைஞர்களை அழைப்பதன் பெரிய லாபமும் இதில்தான் இருக்கிறது. படைத்தவர் பக்கத்திலேயே நிற்பார். ‘இந்த வீடு யாருடையது அண்ணே?’ என்று ஒருவர் கேட்டால் கதை மறுபடி வாய்க்கு வந்துவிடும். வெளிநாட்டிலிருந்து பெட்டியில் வந்திறங்கும் படங்களுக்கு அந்த வசதி இல்லை.

சென்னையில் இத்தகைய அழைப்பு யார் யாருக்குப் போக வேண்டும்? 1850இல் தொடங்கிய எழும்பூர்ப் பக்கத்துக் கவின்கலைக் கல்லூரி மாணவர்களுக்குப் போகும். கிரீம்ஸ் சாலை லலித் கலா அகாதமியின் அச்சுப் பட்டறைக்குப் போகும்; தேவகோட்டைக்காரரான ஆர். எம். பழனியப்பன் போன்ற தேர்ந்த அச்சோவியர்கள் இயங்கிய வட்டம் அது. அதோடு நின்றுவிடக் கூடாது. கல்யாணப் பத்திரிகைக்கு ஸ்கிரீன் இழுப்பவர், ரப்பர் ஸ்டாம்ப் செய்பவர், கணக்குப் புத்தகம் தைக்கும் பைண்டர், சிவகாசியில் காலண்டரும் தீப்பெட்டி லேபிளும் பார்த்துப் பழகிய கைகள், இவர்களுக்கும் சேர வேண்டும். நுழைவுக் கட்டணம் இல்லாமல், ஆங்கிலத்தில் ‘கலைஞர் கூற்று’ எழுதித் தரச் சொல்லாமல், தமிழில் ஒரு பக்கத்தில் அழைப்பை அச்சிட்டு அச்சக வாசல்களில் ஒட்டினாலே பாதி வேலை முடிந்தது. பைண்டர் ஒருவரும் ஓவிய மாணவி ஒருவரும் சேர்ந்து ஒரு புத்தகம் செய்யலாம் என்று அதிலேயே ஒரு வரி சேர்த்துவிட்டால் இன்னும் நல்லது.

பழைய சரக்கும் பக்கத்திலேயே இருக்கிறது. தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் குஜிலிப் பாட்டுகளையும் பழைய கதைப் பாடல் நூல்களையும் காத்து வைத்திருக்கிறது. மூலப் படிகள் பத்திரமாக அங்கேயே இருக்கட்டும். சில பக்கங்களின் நகலை மட்டும் எடுத்து வந்து இளைஞர்களின் லினோகட் வரிசைக்கு எதிர்ச் சுவரில் மாட்டலாம். நல்லதங்காளைச் செதுக்கிய பெயர் தெரியாத கையும் இன்று மெட்ரோ ரயிலைச் செதுக்கும் கையும் நேருக்கு நேர் பார்த்துக்கொள்ளும்.

விலையைப் பற்றியும் அழைப்பிலேயே பேசிவிடுவது நல்லது. சட்டம் போட்ட படம் ஆயிரங்களில் இருக்கலாம். அதே கட்டையிலிருந்து சாதாரணத் தாளில் எடுத்த எட்டுப் பக்கச் சிறு புத்தகம் ஐம்பது ரூபாய்க்குக் கொடியில் தொங்கட்டும், பள்ளிப் பையன் தன் காசில் வாங்கட்டும். மேசைமேல் வைத்த படிக்கு எண் போட வேண்டியதில்லை. காட்சி முடியும் நாளில் அதன் ஓரங்கள் மடங்கியிருக்கும், நான்காம் பக்கத்தில் யாரோ ஒருவரின் கட்டைவிரல் ரேகை பதிந்திருக்கும். கலைஞர் அதை விற்காமல் தன்னிடமே வைத்துக்கொள்வார்.