கணவர் கணக்கில்லாமல் பனடோல் போடுகிறாரா? எங்கே ஆபத்து?

"தலை வலிக்குது, ரெண்டு பனடோல் போட்டேன்."

வீட்டில் அடிக்கடி கேட்கும் வார்த்தை. "எத்தனை மணிக்குப் போட்டீங்க?" என்று கேட்டால் மட்டும் பதில் வராது. "ஞாபகம் இல்ல, விடு."

கணவரோ மனைவியோ, வீட்டில் இப்படி ஒருவர் இருந்தால் யாராவது கணக்கு வைத்தே ஆகவேண்டும்.

பனடோலில் இருக்கும் மருந்து பாரசிட்டமால். சாதாரண மாத்திரை ஒன்றில் 500 மில்லிகிராம். ஆரோக்கியமான பெரியவர்கள் ஒரு வேளைக்கு ஒன்று அல்லது இரண்டு மாத்திரை சாப்பிடலாம். அடுத்த வேளைக்குக் குறைந்தது 4 மணி நேரம் காத்திருக்கவேண்டும். 24 மணி நேரத்தில் 8 மாத்திரைதான் உச்சவரம்பு, அதாவது 4,000 மில்லிகிராம். உடல் எடை குறைவானவர்கள், கல்லீரல் பிரச்சினை உள்ளவர்கள், தினமும் மது அருந்துபவர்கள் ஆகியோருக்கு அந்த அளவே அதிகமாகலாம். அவர்கள் மருத்துவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

"எட்டு மாத்திரையெல்லாம் யாரு போடுவா?" என்று தோன்றலாம். இந்த ஒரு நாளைப் பாருங்கள்.

காலை 9 மணிக்குத் தலைவலி, 2 பனடோல். மதியம் மூக்கு ஒழுகுகிறது, சளிக் காய்ச்சலுக்கான மாத்திரை 2. மாலையில் கழுத்துவலி, போன மாதம் கிளினிக்கில் கொடுத்த அனரெக்ஸ் 2. இரவு உணவுக்குப் பின் மறுபடியும் 2 பனடோல். படுக்கப்போகும்முன் சளி மாத்திரை இன்னும் 2.

அவரைக் கேட்டால், "நாலு பனடோல்தான் போட்டேன்" என்பார். பொய் இல்லை. ஆனால் சளி மாத்திரைகள் பலவற்றிலும் 500 மில்லிகிராம் பாரசிட்டமால் இருக்கிறது. தசைவலிக்கான அனரெக்ஸில் 450. கூட்டிப் பார்த்தால் 4,900 மில்லிகிராம். பெயர் வேறு, பெட்டி வேறு, மருந்து ஒன்றே.

கல்லீரலுக்கு என்ன ஆகிறது?

பாரசிட்டமாலை உடைக்கும்போது கல்லீரலில் கொஞ்சம் நச்சுப்பொருள் உருவாகிறது. வழக்கமான அளவில் குளுட்டாதயோன் என்ற பொருள் அதைச் செயலிழக்கச் செய்துவிடும். மருந்து அதிகமாகும்போது குளுட்டாதயோன் தீர்ந்துபோகிறது. நச்சு கல்லீரல் உயிரணுக்களைத் தாக்குகிறது.

இதில் மோசமான விஷயம், முதல் நாளில் ஒன்றுமே தெரியாமல் இருக்கலாம். கொஞ்சம் குமட்டல், கொஞ்சம் அசதி, அவ்வளவுதான். வலப்பக்க வயிற்றுவலியும் மஞ்சள் காமாலையும் வரும்போது பாதிப்பு ஏற்கனவே நடந்திருக்கும். அசிட்டில்சிஸ்டீன் என்ற மாற்றுமருந்து இருக்கிறது. மாத்திரை சாப்பிட்ட 8 மணி நேரத்துக்குள் கொடுத்தால் அது மிக நன்றாக வேலை செய்யும்.

அப்படியென்றால் ஐபுப்ரோஃபென் பரவாயில்லையா?

அது வேறு வகை. பொன்ஸ்டான், சின்ஃபிளெக்ஸ் எல்லாம் அதே குடும்பம். அவற்றில் இரண்டைச் சேர்த்துப் போடக்கூடாது. வெறும் வயிற்றிலும் வேண்டாம். வயிற்றுப்புண், சிறுநீரகப் பிரச்சினை, ஆஸ்துமா இருப்பவர்களும் ரத்தத்தை இளக்கும் மருந்து சாப்பிடுபவர்களும் மருத்துவரைக் கேட்காமல் தொடவேண்டாம்.

சிங்கப்பூரில் இன்னொன்றும் உண்டு: டெங்கி. காரணம் தெரியாத காய்ச்சல் என்றால் ஐபுப்ரோஃபென், ஆஸ்பிரின் இரண்டையும் தவிர்க்கவேண்டும். டெங்கியில் ரத்தக்கசிவு அபாயத்தை அவை கூட்டும். அப்போது பாரசிட்டமால்தான், அதுவும் அளவோடு.

வீட்டில் என்ன செய்யலாம்?

மாத்திரையை ஒளித்துவைப்பது பெரும்பாலும் பலிக்காது. கீழே இறங்கினால் கடை, அங்கே இன்னொரு பெட்டி. திட்டினால் சொல்லாமல் போட ஆரம்பித்துவிடுவார்.

வீட்டுக்கு ஒரே பெட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். கைப்பையில் ஒன்று, காரில் ஒன்று, அலுவலக மேசையில் ஒன்று என்று இருந்தால் யாராலும் எண்ணமுடியாது. பெட்டியோடு ஒரு பேனாவை ரப்பர் பேண்டில் கட்டிவிடுங்கள். போடும்போதே நேரத்தைப் பெட்டிமேல் எழுதட்டும். எழுதச் சோம்பலா? "2 பனடோல்" என்று வாட்ஸ்அப்பில் உங்களுக்கு அனுப்பினாலும் போதும், நேரம் தானாகவே பதிவாகிவிடும்.

கிளினிக்கில் கொடுத்த பழைய மாத்திரைப் பைகளை ஒருநாள் உட்கார்ந்து பாருங்கள். மருந்தின் பெயர் பைமேல் இருக்கும். பாரசிட்டமால் உள்ளவற்றில் மார்க்கரால் பெரிதாக 'பனடோல்' என்றே எழுதிவிடலாம். புரியாவிட்டால் பைகளை மருந்தாளரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

அளவு மீறியது தெரிந்தால், "நல்லாத்தானே இருக்கேன்" என்று அவர் சொன்னாலும் அறிகுறிக்காகக் காத்திருக்கவேண்டாம். உடனே அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். மயக்கமோ குழப்பமோ இருந்தால் 995. எல்லாப் பெட்டிகளையும் பைகளையும் கையோடு எடுத்துச்செல்லுங்கள்.

ரத்தத்தில் மருந்து எவ்வளவு இருக்கிறது என்பதைச் சாப்பிட்ட நேரத்தோடு ஒப்பிட்டுத்தான் மருத்துவர்கள் வழக்கமாக முடிவெடுப்பார்கள். நாள் முழுக்கக் கொஞ்சங்கொஞ்சமாகப் போட்டிருந்தால் அந்த ஒப்பீட்டை நம்பமுடியாது. அப்போது பெட்டிமேல் கிறுக்கிய நேரங்களைத்தான் முதலில் கேட்பார்கள்.