பிணவண்டியிலிருந்து ஆம்புலன்சுக்கு

1966 நவம்பரில், அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் ஒரு தேர்தல் கூட்டம். மேடையில் இருந்த டேவிட் லாரன்ஸ் மயங்கிச் சரிந்தார். பென்சில்வேனியாவின் ஆளுநராக இருந்தவர் அவர். அவரையும் போலீஸ் வேனில்தான் மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். இதயம் மறுபடி துடித்தது, மூளை மீளவில்லை. அந்த மாதமே இறந்துபோனார்.

முன்னாள் ஆளுநருக்கே இந்தக் கதி என்றால் மற்றவர்கள் நிலை என்ன? அதே ஆண்டில் தேசிய அறிவியல் அகாதமி வெளியிட்ட அறிக்கை அதைச் சொன்னது. நாட்டின் ஆம்புலன்ஸ் சேவையில் ஏறக்குறைய பாதியை நடத்தியவர்கள் இறுதிச்சடங்கு செய்பவர்கள்! காரணம் எளியது: ஆளைப் படுக்க வைக்கத் தோதான வண்டி அவர்களிடம்தான் இருந்தது.

மயக்க மருந்து நிபுணர் பீட்டர் சஃபாருக்கு இது பொறுக்கவில்லை. 1967-இல் பிட்ஸ்பர்க்கில் 'ஃப்ரீடம் ஹவுஸ்' ஆம்புலன்ஸ் தொடங்கியது. வேலையில்லாத கறுப்பின இளைஞர்களுக்கு அவர் முதலுதவிக்கும் மேலான பயிற்சி கொடுத்தார். வண்டிக்குள்ளேயே சிகிச்சையைத் தொடங்க முடியும் என்று அவர்கள் செய்து காட்டினார்கள். அந்த இளைஞர்களுக்கு உலகம் இன்னும் போதிய நன்றி சொல்லவில்லை என்பது என் எண்ணம்.

பின்னாளில் சட்டங்கள் வந்தன. ஆனால் இதற்குக் கீழே இறங்காதே என்று சட்டம் கோடு கிழிக்கும், அவ்வளவுதான். அதற்கும் மேலே போக விரும்பும் சேவைகளுக்காக 1990-இல் ஆம்புலன்ஸ் சேவைகளுக்கான அங்கீகார ஆணையம் அமெரிக்காவில் உருவானது. இதில் சேரச் சொல்லி யாரும் கட்டாயப்படுத்துவதில்லை. சேவை நடத்துபவர்கள் முதலில் தங்களைத் தாங்களே சோதித்து, சான்றுகளோடு விண்ணப்பிக்க வேண்டும். பிறகு வெளியிலிருந்து ஆய்வாளர்கள் நேரில் வருவார்கள். அழைப்பை எடுப்பவர் எப்படிக் கையாள்கிறார், ஓட்டுநரின் பயிற்சி, வண்டியின் பராமரிப்பு, நோயாளிக்குச் செய்த சிகிச்சையின் பதிவு, நிர்வாகம், கணக்கு வழக்கு என எல்லாமே பார்வைக்கு வரும்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். வேகமாக வந்ததா என்பதையே நாம் பெரிதாகப் பேசுகிறோம். வேகமாக வந்த வண்டியில் ஆக்சிஜன் தீர்ந்திருந்தால் அந்த வேகத்தால் என்ன பயன்? முந்தைய நாள் இரவே சிலிண்டரைப் பார்த்து, பதிவேட்டில் குறித்து வைத்த கைதான் உயிரைக் காக்கிறது.

விருப்பம் உள்ளவர்கள் மட்டுமே வருவது இந்த அங்கீகார முறையின் குறை. யாரை முதலில் சோதிக்க வேண்டுமோ அவர்கள் வாசல்பக்கமே வராமல் இருந்துவிடலாம். வருபவர்களுக்கும் சலுகை கிடையாது. அங்கீகாரம் மூன்று ஆண்டுகளுக்கு மட்டுமே. அது முடிந்ததும் மறுபடி விண்ணப்பம், மறுபடி ஆய்வு.