பழைய ஹைலக்ஸ் வண்டியின் முன் அச்சுத்தண்டை மாற்றுதல்

நெல் மூடைகளையும் மரக்கறிக் கூடைகளையும் சுமக்கும் நாற்சில்லு இயக்க வண்டிகளுள், 1988 தொடக்கம் 1997 வரை வெளிவந்த டொயோட்டா ஹைலக்ஸ் வண்டிகள் கமக்காரர் பலரிடம் இன்றும் உள. இவற்றின் முன் அச்சுத்தண்டு சில்லினருகே ஆறு உருக்குக் குண்டுகள் கொண்ட மூட்டில் முடிகின்றது. சில்லு எப்பக்கம் திரும்பினும் அதனை இயக்குவது இம்மூட்டேயாகும்.

சேற்றில் நாற்சில்லு இயக்கத்துடன் திரும்பும்போது 'டக், டக்' என்னும் ஒலி கேட்பின் மூட்டுத் தேய்ந்துவிட்டதென அறியலாம். சில்லின் உட்புறத்தே கறுத்த எண்ணெய்க் குழம்பு வடிவதோ உள் எண்ணெய்ச் சீல் பழுதுற்றமைக்கு அடையாளம். கியர் எண்ணெய் கோளத்தினுட் புகுந்து கிறீசைக் கரைக்க, வாய்க்கால் நீரும் சேற்று மணலும் அதனோடு சேர்ந்து உருக்கை அரைத்துவிடும். இதனைப் பொருட்படுத்தாதோர் பலர். உடைந்த துண்டு கோளத்தினுட் சிக்கினாற் சுக்கான் திரும்பாது. பாரமேற்றிய வண்டிக்கு அது பேராபத்து. தண்டு மட்டும் முறிந்து, சுக்கான் தடையின்றித் திரும்புமாயின், இரு முன் குடங்களின் பூட்டையும் விடுவித்துப் பின்சில்லு இயக்கத்தில் மெதுவாக வீடு சேரலாம்.

இடப்புற, வலப்புறத் தண்டுகள் நீளத்தில் ஒத்தவையல்ல. ஆதலாற் பழைய தண்டைக் கையிற் கொண்டு சென்று, நீளமும் பற்களின் எண்ணிக்கையும் ஒப்பிட்டு வாங்குக. கழற்றிய வண்டியின் தண்டு விலை குறைவெனினும், சீல் உராயும் இடத்தை நகத்தால் தடவிப் பார்த்தல் வேண்டும். அங்கு பள்ளமிருப்பின் புதுச் சீலும் நில்லாது. அத்தண்டை வாங்காதிருத்தலே நன்று.

வண்டியை ஜக்கினால் உயர்த்தியபின் உறுதியான தாங்கிகளில் இருத்துக. சில்லு, பிறேக்குப் பிடி, குடம் ஆகியவற்றை முறையே கழற்றுக. பிறேக்குப் பிடியைக் குழாயிற் தொங்கவிடாது கம்பியாற் கட்டிவைக்க. குடத்தைத் தாங்கும் குறுந்தண்டு இறுகியிருப்பின் பித்தளைக் கட்டையால் தட்டுக. இரும்புச் சுத்தியல் ஆகாது. மூட்டின் தட்டையான பக்கத்தை மேலே திருப்பித் தண்டினை நேரே வெளியே இழுக்கலாம்.

கோளத்தை மண்ணெண்ணெயாற் கழுவி, துணியால் நன்கு துடைத்துப் புதிய உட்சீல் இடுக. மொலிப்டினம் கலந்த கிறீசை மூட்டின் குண்டுகளுக்கிடையே அழுத்திச் செலுத்துக. கோளத்தின் முக்காற்பங்கை நிரப்பினாற் போதும். தண்டை உட்செலுத்துகையில் அதன் பற்கள் புதுச் சீலின் உதட்டைக் கிழியாதவாறு ஒருவர் சற்று உயர்த்திப் பிடித்தல் வேண்டும். அவசரத்தில் இதனை மறந்தவர் ஒரு மாதத்துள் மீண்டும் கழற்ற நேரிடும்.

அச்சின் மேலுள்ள மூச்சுக்குழாய் அடைபட்டிருக்கின்றதா எனவும் பார்க்க. சூடான அச்சு நீரில் திடீரெனக் குளிரும்போது, அடைபட்ட குழாயாற் காற்றுப் புகாமையால், சீல் வழியே நீர் உறிஞ்சப்படும். வேலை முடிந்து சில நாள் வயலில் ஓடியபின் கியர் எண்ணெயைச் சிறிது வடித்து நோக்குக. அது பால் நிறமாயின் நீர் கலந்துள்ளது; முழுவதையும் மாற்றுதல் வேண்டும்.